பதிலுக்கு விட்ட இடம்

திண்டுக்கல்
12.8.2001

அன்புள்ள அக்காவுக்கு ஐரின் எழுதுறது.

அம்மாவும் நானும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டிவலி பூசையில முழங்கால் போடும்போது மட்டும் வருது, சந்தைக்கு நடக்கும்போது வர்றதில்ல. உன் ஒடம்பும் மச்சான் ஒடம்பும் எப்படி இருக்குன்னு ரெண்டு வரியாவது எழுது.

நேத்து சாயங்காலம் பூத்துலருந்து உங்க வீட்டுக்காரம்மா சிவனம்மாளுக்குப் போன் போட்டேன். "டீச்சருக்கு வேலையா இருக்குதுங்களாம் கண்ணு, கடுதாசி போடச் சொன்னாங்க"ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு அந்தம்மா. போன மாசமும் இதே பதில்தான். அடுத்த வாசல்ல இருக்குற போனுக்கு வர முடியாதபடி அப்படி என்ன வேலை உனக்கு? தொப்பம்பட்டி ஒன்றியமே உன் தலையிலதான் ஓடுதாக்கும்.

சண்டைய விடு. நான் பி.எட். சேந்து ஒரு மாசம் ஓடிப்போச்சு. ராயப்பராஜ் சாருன்னு ஒருத்தர் எங்களுக்குக் கல்வித் தொழில்நுட்பம் எடுக்குறாரு. அவரு வகுப்புன்னா எனக்கு இருப்புக் கொள்ளாது. ஓவர்ஹெட் புரொஜெக்டர், டேப் ரெக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் வகுப்பறைக்குள்ள வரப்போகுதாம். வருங்கால ஆசிரியர் இதப் பத்தி என்ன நெனைக்கிறாருன்னு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும். நான் நெனைக்கிறத உங்கிட்ட மொதல்ல சொல்லிப் பாக்குறேன்.

ஒரு பீரியடுன்னா முக்கா மணி நேரம். வருகைப்பதிவு எடுத்து, "டேய் உக்காரு"ன்னு கத்தி, போர்டு அழிச்சு, பதில் தெரியாதவன் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நிக்கிறதுக்குக் காத்துக்கிடந்து, கடைசியில பாடத்துக்கு எம்புட்டு மிஞ்சுது? ஒரு நல்ல டீச்சரோட பாடத்தக் கேசட்டுல பதிஞ்சு வச்சா ஒரு நிமிஷம் வீணாகாது. அதே பாடம் ஆயக்குடியிலயும் ஓடும், சித்தையன்கோட்டையிலயும் ஓடும். நீ என்ன சொல்ற? உடனே எழுது. ஆறப்போடாத.

உன் தங்கச்சி
ஐரின்


தொப்பம்பட்டி
2.9.2001

அன்புள்ள ஐரினுக்கு,

மாதா புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். மச்சானுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளி வரத்துக் காலம், விடியுமுன்னே போயிடுறாரு. அம்மாவ முட்டிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லு.

போனுக்கு வராததுக்குக் கோவிக்காத. அடுத்த வீட்டுக் கூடத்துல நின்னு பேச எனக்குக் கூச்சமா இருக்கு. கடுதாசின்னா நிதானமா எழுதலாம். நீயும் கடுதாசியே போடு.

உன் கட்டுரை பத்தி யோசிச்சேன். சரின்னும் சொல்ல வரல, தப்புன்னும் சொல்ல வரல. ஆனா பாதி பாடத்தையாவது டேப்புல போட்டுப் பாக்கலாமான்னு எனக்கே இருக்கு. திண்டுக்கல்ல பழைய டேப் ரெக்கார்டர் கெடைக்குமா? உள்ளயே மைக் இருக்கணும், பேட்டரியில ஓடணும். எங்க ஏழாம் வகுப்புக்குள்ள கரண்ட் பிளக் கிடையாது. கூட நாலஞ்சு வெறும் கேசட்டும் வாங்கி வையி. மச்சான் அடுத்த வாரம் லோடு லாரியில வரும்போது வாங்கிக்கிடுவாரு.

அப்புறம் நல்ல பனங்கற்கண்டு கெடைச்சா கொஞ்சம் குடுத்துவிடு. இங்க கெடைக்கிறது எல்லாம் சீனிப்பாகு.

அன்புடன்
ரோசலின்


திண்டுக்கல்
16.9.2001

பாசமுள்ள அக்காவுக்கு,

இங்க ஒரு கொறையும் இல்ல, நீ ரெண்டு பக்கம் எழுதினா தேவலங்கிற கொறையத் தவிர.

மச்சான் கையில சாமான் எல்லாம் குடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பாட்டுப் பதிஞ்சு குடுக்குற கடை வச்சிருக்காரே அப்பாஸ் பாய், அவருதான் தேடிப் பிடிச்சுக் குடுத்தாரு. ஓட்டுற பட்டன், நிறுத்துற பட்டன், பதியிற பட்டன் மூணும் நல்லா இருக்கு. நடுவுல கொஞ்சம் நிறுத்தி வைக்கிற பட்டன் மட்டும் ஒடஞ்சு போச்சு. அது உனக்கு எதுக்கு, ஓடுற பாடம் ஓடட்டும்.

நீ என் பேச்சக் கேட்டு ஒரு காரியம் பண்ணுறது இதுதான் மொதத் தடவை. நம்பவே முடியல. கோயில்ல நீ பாடும்போது மைக் அணைஞ்சுபோனதே தெரியாம ஜனங்க நின்னது ஞாபகம் இருக்கா? அந்தக் கொரலக் கேசட்டுல பிடிச்சு வச்சா அம்பது ஸ்கூலுக்கு ஆகும்.

கட்டுரைய வகுப்புல வாசிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. புஷ்பமேரின்னு ஒருத்தி மட்டும் எந்திரிச்சு, பதில் தெரியாம முழிக்கிற பிள்ளைய உன் டேப் என்ன பண்ணும்னு கேட்டா. அவன் மறுபடி போட்டுக் கேட்டுக்கட்டும்னு சொல்லிப்புட்டேன். ராயப்பராஜ் சார் சிரிச்சாரு. அவ முகம் சுண்டிப்போச்சு.

ஆமா, பனங்கற்கண்டு யாருக்கு? இருமலா? வீட்டுல ஏதும் விசேஷமா? எதுவா இருந்தாலும் மறைக்காம எழுது.

ஐரின்


தொப்பம்பட்டி
28.10.2001

அன்புள்ள ஐரின்,

பதில் போட நாளாயிருச்சு. காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்தம், மழை, வீட்டுல ஒழுகல். ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. விசேஷமும் இல்ல. அம்மாகிட்ட ஏதாவது சொல்லி வைக்காத, ஞாயித்துக்கிழமைக்குள்ள கோயில் முழுக்கத் தெரிஞ்சுரும்.

டேப் நல்லா ஓடுது. விடிகாலையில எந்திரிச்சு அன்னன்னைக்குப் பாடத்தப் பதியிறேன், வகுப்புல ஓட்டுறேன். நான் போர்டுல எழுதுவேன், படம் போடுவேன். பிள்ளைங்க பழகிட்டாங்க.

உன் கட்டுரையில ஒரு எடம் எனக்குச் சரியாப் படல. மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நிக்கிறவனுக்குப் பதில் தெரியாதுன்னு எப்படிச் சொல்ற? எங்கிட்ட சங்கிலின்னு ஒரு பையன் இருக்கான். மாடு மேச்சுட்டு நேரா வகுப்புக்கு வருவான். கேள்வி கேட்டா மேல பாப்பான், கீழ பாப்பான், காத நோண்டுவான். நாம போதும் உக்காருன்னு சொல்ல வாயெடுக்குற நேரத்துல சரியான பதில் வரும். மகேஸ்வரின்னு இன்னொருத்தி, கேள்வி முடியுமுன்னே எந்திரிச்சிருவா, பாதி நாள் தப்பாச் சொல்லுவா. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தக் குடுத்தா அது பாடம் இல்லடி. இத உன் சாருகிட்ட கேளு.

கல்லறைத் திருநாளுக்கு என்னால வர முடியாது. அப்பா கல்லறைக்கு எம் பங்குக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்து. சம்பங்கி மாலை போடு, அப்பாவுக்குப் பிடிக்கும்.

ரோசலின்


திண்டுக்கல்
25.11.2001

அக்காவுக்கு,

நலமா இருக்கேன்னுதான் எழுதணும். மனசுதான் நலமா இல்ல.

அப்பா கல்லறையில எல்லாரும் உன்னக் கேட்டாங்க. வருஷத்துக்கு ஒருநாள் வர முடியாதான்னு பெரியம்மா மொகத்துக்கு நேரா கேட்டுச்சு. அம்மா வீட்டுக்கு வந்து அழுதுச்சு. நீ எங்க மேல எதுக்கோ கோவமா இருக்கன்னு அதுக்கு நெனப்பு. எனக்கும் அப்படித்தான் தோணுது. நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லிட்டாவது கோவிச்சுக்க.

சித்தையன்கோட்டையில எனக்குப் பயிற்சிக் கற்பித்தல் முடிஞ்சுச்சு. படம், அட்டை, டேப்புன்னு மூட்டை கட்டிக்கிட்டுப் போனேன். பின்பெஞ்சுல உக்காந்து பாத்த மேடம் எல்லாத்துக்கும் நல்ல மார்க் போட்டுட்டு, கீழ "கேள்வி கேட்கிறார், பதிலுக்கு நிற்பதில்லை"ன்னு எழுதிட்டாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அம்புட்டுப் பாடத்தையும் முடிச்சதுக்கு இதுதான் பேரா?

இப்ப உங்கிட்ட ஒரு உதவி. டிசம்பர் கடைசியில காலேஜுல கற்பித்தல் துணைக்கருவிக் கண்காட்சி. எல்லாரும் தெர்மாகோல்ல எரிமலை செய்வாளுக. நெசமா ஒரு வகுப்புல ஓடுற கேசட்ட நான் வச்சா எப்படி இருக்கும்? உங்களுக்கும் அரையாண்டு லீவுதான். லீவு முடியுமுன்னே திருப்பி அனுப்பிருவேன், சத்தியமா. முடியாதுன்னு சொல்லிராத அக்கா. நான் சார்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன்.

ஐரின்


தொப்பம்பட்டி
14.12.2001

அன்புள்ள ஐரின்,

நல்லா இரு. அம்மாவப் பத்தி எழுதினத வாசிச்சு எனக்கும் அழுகைதான் வந்துச்சு. உங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. இத அம்மாவுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டு.

கேட்காம வாக்குக் குடுக்குறது உன் பொறவிக் கொணம். கேசட்டக் குடுக்க எனக்கு மனசே இல்ல. ஆனாலும் மச்சான் கையில அனுப்புறேன். பாடம் பாடமாச் சீட்டு ஒட்டி எழுதியிருக்கேன். கேட்டுக்க, காட்டிக்க. எதையும் தொடாத, மாத்தாத. எப்படி வந்துச்சோ அப்படியே எனக்கு வேணும். சிலது கேக்க ஒரு மாதிரி இருக்கும், அது அப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரல. மச்சான் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வச்சிருக்காரு, லீவு முழுக்க அங்கதான். அம்மாவச் சமாதானப்படுத்து. எனக்காக வேண்டிக்க.

ரோசலின்


திண்டுக்கல்
6.1.2002

என் செல்ல அக்காவுக்குப் புதுவருஷ முத்தம்.

அம்மா சொகம், நான் சொகத்துக்கும் மேல. மொதப் பரிசு. தெர்மாகோல் எரிமலை எல்லாம் ஓரமாப் போச்சு. ராயப்பராஜ் சார், "உங்க அக்கா பிறவி ஆசிரியை"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. வேளாங்கண்ணி மாதா உன் நேர்ச்சைய ஏத்துக்கிட்டாங்க போ.

ஆனா ஒண்ணு, நீ அனுப்பினத அப்படியே வச்சிருந்தா மானம் போயிருக்கும். கேட்டுப் பாத்துட்டுப் பதறிட்டேன். "இலை ஏன் பச்சையா இருக்கு? சங்கிலி, நீ சொல்லு"ன்னு கேக்குற, அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. கொர்ருங்குது. எங்கியோ சேவல் கூவுது. ரொம்ப நேரம் கழிச்சு, "சபாஷ், உக்காரு"ங்குற. இப்படிக் கேசட் முழுக்க ஓட்டை. அந்தப் பழைய மெசினு உன்ன ஏமாத்திருச்சு போல.

அதான் அப்பாஸ் பாய்கிட்ட ஓடினேன். மனுஷன் ரெண்டு நாள் கடையில உக்காந்து ஓட்டையெல்லாம் வெட்டி, உன் கொரல மட்டும் சேத்துக் கோத்துக் குடுத்தாரு. எல்லாப் பாடமும் ரெண்டே கேசட்டுல அடங்கிருச்சு. எக்கோ வேற போட்டிருக்காரு, சும்மா கணீர்னு பெரிய கோயில்ல பேசுற மாதிரி இருக்கு. பழைய கேசட்டுகள வீணாக்காம அதுலயே மாதா பாட்டுப் பதிஞ்சு அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக் குடுத்துட்டேன். தொடாதன்னு நீ சொன்ன. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னுதான் முன்னாடி சொல்லல.

வேளாங்கண்ணியிலருந்து மச்சான் மட்டும் வந்து கேசட்ட வாங்கிட்டுப் போனாரு. ஆளு எளைச்சுப் போயிருக்காரு. உன்னப் பத்திக் கேட்டா, "இருக்கா"ன்னு ஒரே வார்த்தைதான். புதுக் கேசட்ட ஓட்டிட்டு எப்படி இருக்குன்னு அன்னைக்கே எழுது.

ஐரின்


திண்டுக்கல்
24.1.2002

அக்கா,

சொகமான்னு கேட்டுப் போட்ட ரெண்டு கார்டுக்கும் பதில் இல்ல. பொங்கலுக்கும் ஒரு வார்த்தை வரல. சிவனம்மாளுக்குப் போன் போட்டா, "அவங்க ஆருகிட்டயும் பேசறதில்லீங்க கண்ணு"ன்னு சொல்லிட்டு அந்தம்மா மூக்கச் சிந்துது. என்ன நடக்குது அங்க? எனக்குச் சோறு எறங்கல, புஸ்தகத்தத் தொறந்தா எழுத்து ஓடுது. திட்டணும்னா திட்டிக்க. ஒரு வரி எழுது.

ஐரின்


தொப்பம்பட்டி
29.1.2002

ஐரினுக்கு,

சொகம் விசாரிச்சிருந்த. இந்தத் தடவை உண்மையே எழுதுறேன்.

எனக்குக் கொரல் இல்ல. போன ஆனி மாசத்துலருந்து கரகரப்பு. வகுப்புல கத்தினது, கோயில்ல பாடினது எல்லாம் சேந்து தொண்டை நரம்புல கட்டியாப் போச்சுன்னு பழனி டாக்டர் சொன்னாரு. விடிகாலையில மட்டும் செத்த நேரம் நல்லா வரும், பேசப் பேச அடைச்சிக்கிடும். பத்து மணிக்கு மேல காத்துதான். அந்த விடிகாலைக் கொரலப் பிடிச்சு வைக்கத்தான் டேப் கேட்டேன். உன் கட்டுரைய வாசிச்சு இல்ல.

கிறிஸ்துமஸுக்கு நான் வேளாங்கண்ணிக்குப் போகல. மதுரையில ஆப்பரேசன் பண்ணிக்கிட்டேன். கட்டிய எடுத்தாச்சு, பயப்படுற வியாதி இல்ல. ஆனா கொரல் திரும்பல. வருமான்னு கேட்டா, பாப்போங்குறாங்க.

வீட்டுல சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. எனக்கு இன்னும் தற்காலிக வேலைதான். வர்ற ஜூன்லதான் நிரந்தரத்துக்கு எழுதி அனுப்புறதா எங்க தாளாளர் ஞானதாஸ் சாமி சொல்லியிருந்தாரு. அவரோட அக்கா உங்க தெருவுலதான் இருக்காங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா அவங்களுக்குத் தெரியும். பேச முடியாத டீச்சர யாரு நிரந்தரம் பண்ணுவா?

அந்த ஓட்டைய நான்தான் விட்டேன். ஒவ்வொரு பிள்ளை பேரையும் சொல்லிக் கேள்வி கேட்டுட்டு, அந்தப் பிள்ளைக்கு எம்புட்டு நேரம் ஆகுமோ அம்புட்டு நேரம் மூச்சு விடாம உக்காந்திருப்பேன். மகேஸ்வரிக்குக் கொஞ்சமா விடுவேன். சங்கிலிக்கு நெறைய. அவன் காத நோண்டுறத மனசுல பாத்துக்கிட்டே இருப்பேன், பதில் வந்திருக்கும்னு தோணினதும் சபாஷ்னு சொல்லுவேன். தப்பாச் சொன்னா நான் போர்டுல எழுதித் திருத்துவேன். வெராந்தாவுல போறவங்களுக்கு டீச்சர் கேக்குறதும் பிள்ளை சொல்றதும் சாதாரணமாக் கேக்கும். மூணு மாசம் யாருக்கும் சந்தேகம் வரல. பிள்ளைங்களுக்கு மட்டும் தெரியும். ஒரு பிள்ளை கூட வெளிய சொல்லல.

இதெல்லாம் எழுதினா தெரிஞ்சு போயிருமேன்னுதான், தொடாதன்னு மட்டும் எழுதினேன்.

ஆப்பரேசனுக்குப் போகுமுன்னே, லீவுக்கு அப்புறம் நடத்துற பாடத்தையும் அதுலயே பதிஞ்சு வச்சிருந்தேன். மச்சான் கொண்டாந்த உன் கேசட்ட வீட்டுல ஓட்டிப் பாக்கல. உன்ன நம்பினேன். ஜனவரியில மொதல் ரெண்டு வாரம் எழுத்துவேலையும் படமும் குடுத்து ஓட்டினேன், எடுத்தவுடனே டேப்புக்குப் போக வேண்டாம்னு. பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் போட்டேன். "சங்கிலி, நீ சொல்லு. சபாஷ், உக்காரு. மகேஸ்வரி, நீ சொல்லு. தப்பு, யோசி. சரி, உக்காரு." எக்கோவோட. சங்கிலி எந்திரிச்சு வாயத் தொறந்தவன் அப்படியே உக்காந்துட்டான். மறுபடி எந்திரிச்சான். வகுப்பு சிரிக்க ஆரம்பிச்சு, அடங்கவே இல்ல. நிறுத்திட்டுத் திரும்ப அமுக்கினேன், மெசின் டேப்ப மென்னுருச்சு. சிரிப்புச் சத்தம் கேட்டு ஞானதாஸ் சாமி உள்ள வந்தாரு.

"என்ன டீச்சர் இது?"ன்னு கேட்டாரு. நான் வாயத் தொறந்தேன். காத்துதான் வந்துச்சு. பிள்ளைங்க முன்னாடி, ஐரின்.

சாமி திட்டல. வீட்டுல ஓய்வெடுங்க, அப்புறம் பாப்போம்னு அனுப்பிட்டாரு. ஏழாம் வகுப்ப எட்டாம் வகுப்போட சேத்து உக்கார வச்சிருக்காங்க. என் கொரல் இந்த ஒலகத்துல அந்தக் கேசட்டுல மட்டும்தான் இருந்துச்சு. அது மேல நீ பாட்டுப் பதிஞ்சுட்ட.

ரோசலின்


திண்டுக்கல்
4.2.2002

அக்கா,

நலம்னு எழுத எனக்கு யோக்கியதை இல்ல.

உன் கடுதாசிய வாசிச்சுட்டு அப்பாஸ் பாய் கடைக்குத்தான் ஓடினேன். வெட்டின துண்டு எதுவும் இல்லையாம். அவரும் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. சத்தம் இல்லாத எடத்த வெட்டச் சொன்னது நான்தானே. மறுபடி எடம் விட்டுக் குடுக்குறேம்மா, எம்புட்டு விடணும்னு சொல்லுன்னாரு. எனக்கு என்ன தெரியும்? அந்தப் பிள்ளைங்க மொகங்கூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து மாதா பாட்டுக் கேசட்ட ஓட்டினேன். கடைசிப் பாட்டு முடிஞ்சதுக்கு அப்புறம் பதியாத எடம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதுல நீ, "அவசரப்படாம சொல்லு, நான் இருக்கேன்"ங்குற. அம்புட்டுதான் இருக்கு. அம்மா அடுப்படியிலருந்து ஓடி வந்து, ரோசி வந்திருக்காளான்னு கேட்டுச்சு. அப்புறம் என்னால மறைக்க முடியல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா படத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுச்சு. இதுவரைக்கும் காப்பாத்துது.

நேத்து பிளேசியார் திருநாள். சாமியார் ரெண்டு மெழுகுவத்தியக் குறுக்கா வச்சு எல்லார் தொண்டையையும் ஆசீர்வதிச்சாரு. நான் ஒரு தடவை போயிட்டு, வரிசையில மறுபடி போய் நின்னேன். அவரு என்ன ஏற எறங்கப் பாத்தாரு. எங்க அக்காவுக்குன்னு சொன்னேன். மெழுகுவத்திய என் தொண்டையில மறுபடி வச்சாரு.

இன்னொண்ணு சொல்லணும். வெள்ளிக்கிழமை நான் தொப்பம்பட்டி வந்தேன். உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன், கதவத் தட்டத் தைரியம் இல்ல. நேரா ஞானதாஸ் சாமியப் போய்ப் பாத்தேன். டேப்பக் கெடுத்தது நான், அக்கா இல்லன்னு சொன்னேன். எனக்கு இன்னொரு சுத்து பயிற்சிக் கற்பித்தல் பாக்கி இருக்கு, அத உங்க ஸ்கூலுக்கு மாத்தித்தர ராயப்பராஜ் சார் ஒத்துக்கிட்டாரு. அக்கா வகுப்புல இருக்கட்டும், அவ எழுதிக் காட்டுறத நான் வாயால சொல்றேன், முழுப்பரீட்சை வரைக்கும் ஓட்டிருவோம்னு கெஞ்சினேன். சாமி கடைசியில சரின்னாரு.

அப்புறம் ஒண்ணு சொன்னாரு. "ஜூன்ல ரோசலின் டீச்சருக்குக் குரல் வரலைன்னா அந்த இடத்துக்கு உன்னையே எடுத்துக்கலாம்னு இருக்கேன்மா. உனக்கும் படிப்பு முடிஞ்சிரும்." நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். வாய் வரல, அக்கா. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக் கூட இருந்துச்சு. பஸ்ஸுல வரும்போதுதான் என் மேலயே எனக்கு அருவருப்பு வந்துச்சு. மறைச்சா நானும் உன்ன மாதிரி ஆயிருவேன்னு எழுதிட்டேன். நீ வரவான்னு சொன்னாத்தான் வாரேன்.

ஐரின்


தொப்பம்பட்டி
10.2.2002

ஐரினுக்கு,

அம்மாவுக்கு என் அன்பச் சொல்லு. மறைச்சதுக்கு மன்னிக்கச் சொல்லு. அவங்க செஞ்சு அனுப்பின தூதுவளை ரசப்பொடி வந்துச்சு.

வா.

முன்பின் தெரியாத ஒருத்தி அந்த வகுப்புல நிக்கிறதுக்கு நீ நிக்கலாம். ஆனா நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு வராத. அது இன்னும் வரல. ராத்திரி படுத்தா அந்தச் சிரிப்புச் சத்தம்தான் கேக்குது. அதுல உன் தப்பு பாதி, என் தப்பு பாதின்னு மச்சான் பஞ்சாயத்துப் பண்ணுறாரு. பாதிக்கே எனக்கு இம்புட்டு வலிக்குது.

ஜூன் மாசத்தப் பத்தி நீ எழுதினது நல்லதாப் போச்சு. சாமி ஏற்கெனவே மச்சான்கிட்டச் சொல்லிட்டாரு. நீ எழுதுறியா இல்லையான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எழுதலைன்னா வான்னு சொல்லியிருக்க மாட்டேன்.

பதினெட்டாந்தேதி திங்கக்கெழமை காலையில வந்துரு. பாய் தலகாணி இருக்கு. வீட்டுல எங்கிட்ட ரொம்பப் பேசாத. பதில் எழுத எழுத எனக்குக் கை ஓஞ்சு போகுது. படம், அட்டை, டேப் ஒண்ணும் கொண்டு வராத. சாக்பீஸ் இங்க இருக்கு.

ரோசலின்


ஏழாம் வகுப்பு
18.2.2002, மொதல் பீரியடு முடிஞ்சு

ஐரின்,

சொகம் விசாரிக்க வேண்டியதில்ல, நாலடி தள்ளித்தான் நிக்கிற. தண்ணி குடி.

நல்லாத்தான் பேசுற. கொரல் கிட்டத்தட்ட என்னோடது மாதிரியே இருக்கு. நீ வாயத் தொறந்ததும் பிள்ளைங்க திரும்பி என்னப் பாத்தாங்களே, கவனிச்சியா? நானே என் வாயத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

ஆனா சங்கிலியக் கேட்டுட்டு, அவன் எந்திரிக்குமுன்னே நீயே பதிலச் சொல்லிட்ட. அந்த எக்கோ கேசட்டுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவன் இப்ப பெஞ்சச் சொரண்டிக்கிட்டு இருக்கான், பாரு.

அடுத்த பீரியடு இப்படிச் செய்யி. நீ கேள்வி கேளு. கேட்டதும் நான் கையத் தூக்குவேன். தூக்கியிருக்குற வரைக்கும் நீ பேசக் கூடாது. போர்டுப் பக்கம் திரும்பக் கூடாது, அடுத்த பிள்ளையப் பாக்கக் கூடாது. உனக்கு அது உயிர் போற மாதிரி இருக்கும். இருக்கட்டும். என் பாடத்த நீ சொல்லக் கேட்டுக்கிட்டு நிக்கிறது எனக்கும் அப்படித்தான் இருக்கு.

ஜூன்ல இது யாரு வகுப்போ எனக்குத் தெரியாது. இன்னைக்கு இது என் வகுப்பு. நான் கைய எறக்குற வரைக்கும் நில்லு.